முத்திரை மட்டும்தான் எடுத்தேன்

1

இந்தக் கதை ஒரு கருகிய சட்டையிலிருந்து பிறந்தது. படைப்பு மனம் எங்கே விழித்துக்கொள்கிறது, கதையின் ஊற்றுக்கண் எது என்றெல்லாம் கூட்டங்களில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அதையெல்லாம் மறந்துவிடுங்கள். என் வெள்ளைச் சட்டையின் முதுகில் இஸ்திரிப்பெட்டியின் வடிவத்தில் அச்சாக ஒரு பழுப்புக் கறை விழுந்திருந்தது. அன்று சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு ஒரு புத்தக வெளியீட்டில் பேச வேண்டும். எனக்குக் கண்மண் தெரியாத கோபம். சண்டை போடத்தான் போனேன்.

தெருமுனையில் இருக்கிறது அந்தச் சலவைக் கடை. முன்னால் ஒரு கல்லா மேசை, பின்னால் நீளமான இஸ்திரி மேசை, ஓரத்தில் எந்நேரமும் சீறிக்கொண்டிருக்கும் நீராவி எந்திரம், தலைக்கு மேல் கம்பியில் வரிசையாகத் தொங்கும் அடுத்தவர் உடுப்புகள். கடைக்காரம்மாவுக்கு அறுபது நெருங்குகிறது. தெருவே அவரை அக்கா என்கிறது, நானும் அப்படித்தான்.

"அக்கா, இது என்ன?" என்று சட்டையை விரித்துக் காட்டினேன்.

பார்த்தார். "கருகிடுச்சு," என்றார்.

"அது எனக்கும் தெரியுது. எப்படிக் கருகிச்சுன்னு கேக்கறேன்."

"எங்க சித்தப்பா வந்துட்டுப் போனாரு."

இதைவிட நல்ல முதல் வரியை நான் இதுவரை எழுதியதில்லை. என்னிடம் இருந்த கோபம் ஒரு சட்டை அளவு. அவர் முகத்தில் இருந்தது அப்படிப்பட்டதல்ல. மன்னிப்புக் கேட்காமல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். வெளியீட்டு விழாவுக்குப் போகவில்லை.*

* கதைக்குள் இவரை 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். முன்கூட்டியே அனுமதி கேட்டேன். "கதைக்குள்ள என்ன வேணாலும் சொல்லிக்கோங்க தம்பி. கடைக்குள்ள மரியாதையா இருங்க," என்றார்.

2

தொடக்கங்கள் தேடினேன். குப்பைக்கூடையில் இருப்பவற்றையும் பார்த்துவிடுங்கள், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

"நீலக்கடல் அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தது. அதன் மார்பில் தவழ்ந்த அந்தப் போர்க்கப்பல்" [நிறுத்து. கடல் எங்கே உறங்குகிறது? நான் கப்பலில் ஏறியதே இல்லை. ஒரே ஒருமுறை படகில் ஏறி, குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்திருக்கிறேன்.]

"அஞ்சல் முத்திரை சேகரிப்பது ஓர் உன்னதமான கலை. ஒரு சிறு வட்டத்துக்குள் ஒரு காலமே" [இது என்னுடையது அல்ல. அக்காவின் சித்தப்பா தன் சேகரிப்பாளர் சங்கத்து மலரில் எழுதிய கட்டுரையின் முதல் வரி. பக்கத்தில் விரித்து வைத்திருந்தேன், கை தானாக எழுதிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன்.]

"ஒரு கடிதத்தில் ஓட்டை இருந்தது."

இது நிற்கும். இதிலிருந்து போகலாம்.

3

ஒரு கடிதத்தில் ஓட்டை இருந்தது. ஒன்றில் மட்டுமல்ல, கடைக்காரம்மா வைத்திருந்த கட்டுக்குள் அத்தனை கடிதங்களிலும் இருந்தது. எல்லாம் ஒரே அளவுச் சதுரம். எலி கடித்ததல்ல, கறையான் அரித்ததல்ல. எலியாக இருந்தால் மன்னித்துவிடலாம், அதற்குப் பசி. இது கத்தரியால் நறுவிசாக வெட்டிய ஓட்டை.

போர்க்காலத்தில் கடைக்காரம்மாவின் அப்பா ஒரு கடற்படைக் கப்பலின் எந்திர அறையில் வேலை பார்த்தார். கப்பலின் பெயரைக் கடிதத்தில் எழுதக் கூடாது, எந்தத் துறைமுகம் என்று சொல்லக் கூடாது, தணிக்கை அதிகாரி படித்துப் பார்த்த பிறகுதான் கடிதம் வெளியே போகும். அதனால் அந்தக் கப்பல்காரர்கள் கப்பலுக்குப் 'பெரியம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'பெரியம்மா சௌக்கியம்' என்றால் கப்பலுக்கு ஆபத்தில்லை. 'பெரியம்மாவுக்கு முதுகுவலி' என்றால் எங்கோ கட்டிப்போட்டுப் பழுதுபார்க்கிறார்கள். ஒரு கப்பல் ஆட்கள் அத்தனை பேருக்கும் எப்படி ஒரே நேரத்தில் பெரியம்மாவுக்கு முதுகுவலி வருகிறது என்று அந்த அதிகாரி யோசிக்கவே இல்லையா என்று தெரியவில்லை. அவருக்கும் ஒரு பெரியம்மா இருந்திருப்பாள்.

கடிதம் எழுதக் கடற்படையே மடிப்புத்தாள் கொடுத்தது. உள்பக்கம் எழுதி, மடித்து, ஓரத்தை ஒட்டி, வெளிப்பக்கம் முகவரி எழுத வேண்டும். உறை என்று தனியாகக் கிடையாது, தாளேதான் உறை. கப்பலுக்குள் சின்னதாக ஓர் அஞ்சல் அறை இருந்தது. அங்கே முகவரிப் பக்கத்தில் வட்டமாக ஒரு முத்திரை குத்துவார்கள். அதில் கப்பலின் பெயர் இருக்காது, ஓர் எண்ணும் தேதியும்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை விழுந்த இடத்துக்கு நேர் பின்னால் எழுத்து இருக்கிறது.

4

பெரியம்மா மூழ்கிப்போனாள். வீட்டுக்குத் தந்தி வந்தது. கடைக்காரம்மாவுக்கு அப்போது எழுத்துக்கூட்டத் தெரியாத வயது. அவளுடைய அம்மா படுத்த பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை.

சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, அப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார். அஞ்சல்தலை, முத்திரை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. "அண்ணி, அண்ணன் கடுதாசியெல்லாம் என்கிட்ட குடுங்க. பத்திரமா வைக்கிறேன்," என்றார். அம்மா தலையணைக்கு அடியைக் காட்டினாள். பத்திரமாக வைக்கிறேன் என்று ஒருவன் சொல்லும்போது 'யாருக்காக?' என்று கேட்க வேண்டும் என்பது அவளுக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

தந்திக்குப் பிறகு கடைசியாக ஒரு கடிதம் வந்தது. கப்பல் மூழ்குவதற்கு முந்தின நாள் முத்திரை குத்தியது, தபால் படகில் கரையிறங்கி, ஊர் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்து சேர்ந்தது. வாசலில் தபால்காரரிடமிருந்து அதை வாங்கியவர் சித்தப்பா. முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தார். நேராகத் தன் மேசைக்குப் போனார்.

சேகரிப்பவர்களுக்கான கையேடு ஒன்று அவரிடம் இருந்தது. முத்திரையைச் சுற்றிச் சமமான சதுரமாக வெட்டு, பின்பக்கம் முழுக்கப் பசை தடவு, ஆல்பத்தில் அழுத்தி ஒட்டு என்று அது சொன்னது. அப்படியே செய்தார். எல்லாவற்றையும் ஒட்டி முடித்த பிறகு மிச்சத்தை நூல் போட்டுக் கட்டி அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைசிக் கடிதம் அண்ணியின் கைக்குப் போவதற்கு முன்னால் அதன் துண்டு ஆல்பத்துக்குப் போய்விட்டது. இதை எழுதும்போது பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. கிழிந்த தாளையே அச்சுக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தேன், பதிப்பாளர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அம்மா கட்டைப் பிரித்தாள். தாளுக்கு நடுவே தன் விரல் தெரிவதைப் பார்த்தாள்.

"முத்திரை மட்டும்தான் எடுத்தேன், அண்ணி. மத்தது எல்லாம் அப்படியே இருக்கு," என்றார் சித்தப்பா.

"துண்டெல்லாம் எங்க?"

ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினார், அதுவும் பெருமையாக. அம்மா கடைசித் துண்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். பசை இறுகியிருந்தது. "அண்ணி, கிழிஞ்சுடும்," என்று ஆல்பத்தைப் பிடுங்கிக்கொண்டார். மாமனார் வீட்டில் இருந்துகொண்டு மாமனாரின் செல்லப் பிள்ளையோடு எவ்வளவு தூரம் சண்டை போட முடியும்? அம்மா ஓட்டைக் கடிதங்களைத் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டாள். நானாக இருந்தால் அந்த ஆல்பத்தை அடுப்பில் வைத்திருப்பேன் என்று கடைக்காரம்மாவிடம் சொன்னேன். "வச்சிருந்தா அப்பா எழுதினதும்தான் எரிஞ்சிருக்கும்," என்றார். அது எனக்குத் தோன்றவில்லை.

5

பிறகு அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்தாள். வாரம் ஒரு நாள், முன்னறையில் உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டு கடிதங்களைச் சத்தமாக வாசிப்பாள். அறையின் இன்னொரு மூலையில் சித்தப்பா தன் மேசையில் அஞ்சல்தலைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா வாசிப்பு தடங்கவே தடங்காது. ஓட்டை வந்தாலும் வரும் வேகத்திலேயே தாண்டிப் போவாள்.

மகள் எழுத்துப் படிக்கத் தொடங்கினாள். ஒருநாள் அம்மாவின் குரலுக்குப் பின்னாலேயே விரலை நகர்த்திக்கொண்டு வந்தவள் நின்றாள்.

"அம்மா, இங்க எழுத்தே இல்லையே."

"இருக்கு. உனக்கு இன்னும் சரியா படிக்க வரல."

வளர வளர அவளுக்கு ஒன்று புரிந்தது. பழைய கடிதங்களின் ஓட்டைகளில் அம்மா எப்போதும் ஒரே சொல்லைத்தான் வாசித்தாள். 'அடுத்த பார்சலில் உன் போட்டோ அனுப்பு' என்றால் எல்லா வாரமும் போட்டோதான். அவை முழுசாக வந்தபோதே அம்மா படித்தவை, ஞாபகம் இருந்தது. கடைசிக் கடிதம் மட்டும் வாரத்துக்கு வாரம் மாறியது. அதில் எழுத்தே கொஞ்சம்தான். பெரியம்மா சௌக்கியம், சாப்பாடு பரவாயில்லை, கரைக்கு வந்ததும் விடுப்பு தருவார்களாம். கடைசி வரி இப்படி:

ஆனால் [                    ] வீட்டுக்கு வரமாட்டேன்.

நல்ல நாளில் அம்மா, 'பாப்பாவுக்குப் பொம்மை வாங்காமல் வீட்டுக்கு வரமாட்டேன்' என்று வாசித்தாள். பொம்மை பலமுறை வந்தது. கூரை ஒழுகிய மழைக்காலத்தில் 'ஓடு மாற்றக் கையில் ஏதாவது இல்லாமல்' என்று வந்தது. ஒருமுறை மாமனாரோடு வாக்குவாதம் முற்றிய நாளில், தாளைக் கையில் எடுத்தவள் நிறுத்தி நிதானமாக, 'ஆனால் இனி நான் உன்னைத் தேடி வீட்டுக்கு வரமாட்டேன்' என்று வாசித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தாள்.

மகள் பல வருஷம் நம்பியது அந்த வாசிப்பைத்தான். நல்லதைவிடக் கெட்டது சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. அப்பா செத்துப்போனார், ஆனால் சாகாவிட்டாலும் வந்திருக்க மாட்டார் என்றே அவள் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது வெறும் தாளைக் கொடுத்து அடி வாங்கினாள். போன வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். கடைசி மாதங்களில்கூட, "அவரு வரேன்னு எழுதினாரா, வரலன்னு எழுதினாராடி?" என்று மகளிடமே கேட்டிருக்கிறாள்.

6

இப்போது சட்டைக்கு வருவோம்.

சித்தப்பா பெரிய உத்தியோகம் பார்த்து, ஓய்வுபெற்று, சேகரிப்பாளர் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆகிவிட்டார். சமீபத்தில் நகர மண்டபத்தில் ஒரு கண்காட்சி. அதில் அவருடைய ஆல்பத்தின் பக்கங்களைக் கண்ணாடிப் பெட்டியில் விரித்து வைத்திருந்தார்கள். கடைக்காரம்மா சொன்ன பிறகு, கண்காட்சி முடிவதற்குள் நானும் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டின் கீழும் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு. கடைசித் துண்டின் கீழே, 'மூழ்குவதற்கு முந்தைய நாள். மிக அரிது. நிலை: மிக நன்று.'

[இங்கே ஒரு பத்தி கட்டுரை எழுதித்தான் ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அரிது என்றால் என்ன? அந்தக் கப்பல் பத்திரமாகக் கரைக்கு வந்து, இன்னும் பத்து வருஷம் ஓடி, மூட்டை மூட்டையாக முத்திரை குத்தியிருந்தால் அதை எவனும் சீந்தியிருக்க மாட்டான். உள்ளே இருந்தவர்கள் செத்ததால்தான் மவுசு. 'நிலை: மிக நன்று' என்று எழுதிய கைக்கு, எதன் நிலை, யாருடைய நிலை என்று ஒரு நிமிஷம் தோன்றியிருக்காதா? பெட்டிக்குக் காவலாக நின்ற சங்கத்து ஆளிடம் கேட்டேன். "கண்ணாடியில சாயாதீங்க சார்," என்றார்.]

பரிசு கிடைக்கவில்லை. மறுநாள் சித்தப்பா சலவைக் கடைக்கு வந்தார். கடைக்காரம்மா என் சட்டையை மேசையில் விரித்திருந்தாள்.

"பாப்பா," என்றார். அறுபது வயதுப் பாப்பா. "அண்ணி வச்சிருந்தாங்களே, அந்தக் கடுதாசியெல்லாம் உன்கிட்டதானே இருக்கு?"

"எந்தக் கடுதாசி?"

"அதான், அந்த ஓட்டைக் கடுதாசி."

அவள் இஸ்திரிப்பெட்டியைச் சட்டைமேல் வைத்தாள்.

"இப்ப காலம் மாறிப்போச்சு பாப்பா. துண்டா இருந்தா சீந்த மாட்டேங்கறாங்க. முழு மடலா இருக்கணுமாம். நடுவர் என் ஆல்பத்தைப் பார்த்துட்டு, எந்தப் படுபாவி இத வெட்டினான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யாரோ பழைய ஆளுன்னு சொல்லிட்டேன்." லேசாகச் சிரித்தார். "நீ கடுதாசியக் குடு. துண்ட எடுத்து அதது இடத்துல வச்சு, பின்னால ஒரு வெள்ளைத்தாள் குடுத்து ஒட்டிடறேன். வெளியேருந்து பார்த்தா வெட்டினதே தெரியாது."

"உள்ளேருந்து பார்த்தா?"

"உள்ளே யாரு பார்க்கப்போறா?"

பெட்டி என் சட்டைமேலேயே இருந்தது.

7

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இந்தக் குதிரை குழி பறித்துவிட்டு, குழியை மூட மண்ணும் நம்மிடமே கேட்கிறது.

இதுவரை எழுதியதைப் பத்திரிகை ஆசிரியரான என் நண்பரிடம் காட்டினேன். "சித்தப்பா ஒரே கறுப்பா இருக்காரு. அவருக்கும் ஒரு மனசு குடுங்க. வாசகன் அவரையும் புரிஞ்சுக்கணும்," என்றார். ஏன் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். கதையென்றால் அப்படித்தான் என்றார். சரி, முயன்றேன்:

"அண்ணனின் கப்பல் கடைசியாகத் தொட்ட வட்டம் அது. அதை இழக்க அவனுக்கு மனமில்லை. கண்களில் நீர் திரையிட, நடுங்கும் கையால் கத்தரியை எடுத்தான். ஒவ்வொரு வெட்டும் தன் நெஞ்சிலேயே"

இதைக் கடைக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். கடைக்காரம்மா உள்ளே போய்க் கட்டை எடுத்துவந்து, ஒரு கடிதத்தை என் முன்னால் மேசையில் விரித்தார்.

"கை நடுங்குச்சுன்னு எழுதியிருக்கீங்களே தம்பி. எங்கயாவது கோணல் இருக்கா பாருங்க."

பார்த்தேன். அடுத்ததையும் பார்த்தேன். ஒரு ஓரத்தில்கூடப் பிசிறில்லை. அளவுகோல் வைத்துக் கோடு போட்டு வெட்டியிருந்தான், கோட்டின் பென்சில் தடம்கூட இன்னும் இருந்தது. அந்தப் பத்தியை அங்கேயே அடித்தேன். நண்பருக்கு வேண்டுமானால் அவர் எழுதிக்கொள்ளட்டும்.

8

அவள் சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பினாள். ஆல்பத்தைக் கொண்டுவாருங்கள், என் கடை நீராவியில் துண்டுகளை நானே எடுத்துத் தருகிறேன், எடுத்ததும் பின்பக்கத்தை முதலில் நான் படிக்க வேண்டும், மற்றது பிறகு. சித்தப்பா வாயெல்லாம் பல்லாக வந்து சேர்ந்தார். கடையின் கதவை அரைவாசி இறக்கினார்கள். நான் கால்சட்டை ஒன்றைக் கொடுக்க வந்தவன்போல அங்கே இருந்தேன். உண்மையில் அந்தக் கால்சட்டை நன்றாகத் தேய்த்ததுதான்.

"பயப்படாத பாப்பா," என்றார் சித்தப்பா. "முத்திரை மை எண்ணெய் மை. நீராவிக்கெல்லாம் அசையாது."

"அப்பா எழுதின மை?"

"அது பேனா மைதானே. கொஞ்சம் அப்படி இப்படி ஆகும்."

பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். எடுக்காவிட்டால் படிக்க முடியாது. எடுத்தால் படிக்க ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

முதலில் ஒரு பழைய துண்டை எடுத்துப் பார்த்தாள். நீராவிக் குழாயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, பசை இளக இளகத் தட்டையான கத்தியை ஓரத்தில் செருகினாள். துண்டு கழன்று வந்தது. பின்பக்கம் முழுக்க நீலமாக ஓடியிருந்தது, நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் தப்பியிருந்தது. கதவுப் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள்.

"சோப்பு," என்றாள்.

அம்மா வாரம் தவறாமல் போட்டோ என்று வாசித்த இடம் அது. அடுத்த பார்சலில் சோப்பு அனுப்பு. கப்பலில் எந்திர எண்ணெயோடு மாரடித்தவர் வேறு எதைக் கேட்பார்? அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. "சோப்பப் போயி போட்டோன்னு படிச்சிருக்கா பாருங்க தம்பி. என்னமா கதை விட்டிருக்கா," என்றாள். அப்பாவின் சொல்லொன்று முதல்முறையாக யாரும் நடுவில் புகாமல் அவளிடம் வந்திருந்தது. முந்தானையால் அந்தத் துண்டின் ஓரத்தைத் துடைத்தாள்.

அவள் வெளிச்சத்தில் நின்ற அந்த நேரத்தில் சித்தப்பா குழாயைத் தானே எடுத்து அடுத்த துண்டைப் பிடுங்கிவிட்டார். கிட்டத்தில் பிடித்திருக்கிறார். பின்பக்கம் வெறும் நீலக் குழம்பு. ஓர் எழுத்துக்கூட இல்லை.

"பாரு பாப்பா, முத்திரைக்கு ஒண்ணுமே ஆகல," என்று முன்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

நான் எழுந்துவிட்டேன். கைகலப்பு ஆகியிருக்கும். கடைக்காரம்மா என்னைப் பார்க்காமலே உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். குழாயை வாங்கிக் கொக்கியில் மாட்டினாள். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"சித்தப்பா, இத வெட்டும்போது பின்பக்கம் படிச்சீங்களா?"

சித்தப்பா பக்கத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் கைக்குக் கீழே இருந்த கடிதக்கட்டைப் பார்த்தார்.

"படிக்காம இருப்பேனா? பொம்மைதான் பாப்பா. பாப்பாவுக்குப் பொம்மை வாங்காம வீட்டுக்கு வரமாட்டேன்னு எழுதியிருந்தான் அண்ணன்."

பொம்மை. முன்னறை மூலையில் உட்கார்ந்து அம்மா வாசித்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் சொல்கிறார், பொம்மை என்று. அது அவர் கண்ணால் கண்டதா, காதால் கேட்டதா என்று கண்டுபிடிக்க இந்த உலகத்தில் இனி ஆளில்லை.

"அப்ப அத அம்மாகிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள் அவள். "சாகற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாளே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?"

"அண்ணி என்கிட்ட கேக்கலையேம்மா."

பொய்யென்றால் இப்போது சொன்ன பொய். மெய்யென்றால் இத்தனை வருஷம் விழுங்கி வைத்திருந்த மெய். எது மோசம் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அவள் முடிவு செய்யக் காத்திருக்கவும் இல்லை. துணி வெட்டும் கத்தரியை எடுத்தாள். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, கத்தரியின் நுனியை உள்ளே விட்டு, துண்டைச் சுற்றிச் சதுரமாக, ஆல்பத்தின் தடித்த தாளோடு சேர்த்து வெட்டி எடுத்தாள்.

"ஐயோ, என்ன காரியம் பண்ற," என்றார் சித்தப்பா. "இதுதான் கடைசி முத்திரை. இது இல்லாம தொகுப்பே இல்ல பாப்பா."

அவள் ஆல்பத்தை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"முத்திரை மட்டும்தான் எடுத்தேன், சித்தப்பா. மத்தது எல்லாம் அப்படியே இருக்கு."

9

இங்கே முடித்திருக்கலாம். நண்பர் அப்படித்தான் சொன்னார். ஆனால் அந்தத் துண்டின் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், எனக்கும்தான். வீட்டுக்கு வந்து முடிவுகள் எழுதினேன்.

(அ) அவள் ஒருநாள் நீராவி பிடித்தாள். மை ஓடிவிட்டது. வெறும் நீலத்தைப் பார்த்துக்கொண்டு [கடல் நீலம், மை நீலம் என்று எழுதப் போகிறேன், தெரிகிறது. வேண்டாம்.]

(ஆ) அவள் நீராவி பிடித்தாள். எழுத்து தப்பியிருந்தது. பொம்மைதான். அவள் அப்பாவை [அப்படியென்றால் சித்தப்பா படித்திருக்கிறார், தெரிந்தே அண்ணியைத் தவிக்க விட்டிருக்கிறார். இதை எப்படி நல்ல முடிவு என்பது?]

(இ) எழுத்து தப்பியிருந்தது. 'மீசையை எடுக்காமல் வீட்டுக்கு வரமாட்டேன்.' [இது எனக்குப் பிடித்திருந்தது. சோப்புக் கேட்டவர் இதையும் எழுதியிருப்பார்.]

மூன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரம்மா (இ) வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கையிலிருந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எங்கம்மா ரொப்பினா. அவளுக்கு வந்த கடுதாசி, அவளுக்கு உரிமை இருக்கு. சித்தப்பா ரொப்பினாரு. இப்ப நீங்களும் வந்துட்டீங்களா? ஆளாளுக்கு எங்கப்பா வாயில வார்த்தைய வைக்கிறீங்க. அந்த ஆளு ஒரு வரி எழுதினாரு தம்பி. அது அங்க இருக்கு. இருக்கட்டும்."

கோபமாகத்தான் சொன்னார். சரியான கோபம். தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மீசையை விட்டுக்கொடுக்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

அந்தத் துண்டு ஆல்பத் தாளோடு ஒட்டியபடியே கடைசிக் கடிதத்தின் ஓட்டையில் உட்கார்ந்திருக்கிறது. தடிமனாக இருப்பதால் சரியாகப் படியவில்லை, தாளை மடித்தால் புடைத்துக்கொண்டு நிற்கிறது. கடிதம் கல்லா மேசை இழுப்பறையில். நீராவி எந்திரம் அதிலிருந்து கை எட்டும் தூரத்தில் நாள் முழுக்கச் சீறிக்கொண்டிருக்கிறது.

"எடுத்துப் பார்க்கவே மாட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"பார்ப்பேன். கோபம் ஆறட்டும். கோபத்துல பெட்டியப் புடிச்சா என்ன ஆகும்னு உங்க சட்டையக் கேளுங்க."

சட்டையைக் கேட்டேன். அது என் நாற்காலி முதுகில்தான் தொங்குகிறது, இதை எழுதும்போதும். அவர் கோபம் இன்றுவரை ஆறவில்லை. என்னுடையதும் ஆறவில்லை. ஆகவே எனக்கு முடிவு தெரியாது, தெரிந்தாலும் இனி எழுத மாட்டேன்.

நீங்கள் பேனாவோடு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. உங்களை என்னால் தடுக்க முடியாது, கீழே இடம் விட்டிருக்கிறேன். பொம்மையை மட்டும் தொடாதீர்கள், அது அவளுடைய அம்மாவுடையது. வேறு எதை எழுதுவதாக இருந்தாலும், முதலில் அந்தக் கடைக்குப் போய், அரைவாசி இறக்கிய கதவுக்குள் குனிந்து நுழைந்து, கடைக்காரம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்து எழுதுங்கள்.

ஆனால் [                    ] வீட்டுக்கு வரமாட்டேன்.